துரு வகுத்த வரிசை: ஸ்பிட்ஃபயருக்கு வேறு டிஃபரென்ஷியல்

என் ஸ்பிட்ஃபயர் காரில் 45 மைல் வேகம் வரை ஒன்றும் தெரியாது. அதைத் தாண்டியதும் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் ஊளை கிளம்பும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறொரு சுருதி. இந்த வேறுபாட்டைக் கவனிக்கப் பழகிக்கொண்டால் பாதி நோய் தெரிந்துவிடும். வேகத்தோடு சேர்ந்து ஒரே மாதிரி உறுமிக்கொண்டே வந்தால் பெரும்பாலும் பேரிங். மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறினால் டிஃபரென்ஷியலுக்குள், அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிக்குள், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னதும் பல்லோடு பல் சேரும் இடத்தில் தேய்மானம். கிளட்சை விட்டதும் 'டொக்' என்று ஒரு அடி கேட்டால் முதலில் ஷாஃப்ட்டின் மூட்டுகளான யு-ஜாயின்ட்களைப் பார்க்க வேண்டும், அவை நன்றாக இருந்தால் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் த்ரஸ்ட் வாஷர்கள். என் வண்டியில் ஊளையும் இருந்தது, டொக்கும் இருந்தது, நிறுத்தி வைத்த இடத்தில் காலையில் ஒரு எண்ணெய்த் துளியும் இருந்தது.

வண்டி 1973ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4. 1296 சிசி எஞ்சின், குதிரைத்திறன் 60க்குச் சற்று மேல். நான் கோவென்ட்ரியில் இருக்கிறேன், இந்த வண்டியைச் செய்த கான்லி தொழிற்சாலை இருந்ததும் இதே ஊரில்தான். 1962இல் தொடங்கி 1980 ஆகஸ்ட் வரை ஸ்பிட்ஃபயர் இங்கே உருவானது. கடைசியாக வெளிவந்த மஞ்சள் நிற வண்டி இப்போது கெய்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள். அதன் அடிப்பாகம் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே நான் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். இங்கே பனிக்காலம் முழுக்க சாலைகளில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீரை ஐம்பது வருடம் குடித்த இரும்பு எப்படி இருக்கும் என்பதுதான் இந்தப் பதிவின் பெரும்பகுதி. டிஃபரென்ஷியலை மாற்றுவது அதற்குள் வரும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

வேலையைச் சொல்வதற்கு முன்னால் இந்த வண்டியின் பின்பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. சாதாரணமாக ஒரு பழைய காரின் பின்னால் நீளமான ஆக்சில் குழாய், நடுவில் உருண்டையாக டிஃபரென்ஷியல், இரண்டு பக்கமும் நம்மூர் லாரியில் இருப்பது போலக் கமான் பட்டை. ஸ்பிட்ஃபயரில் அப்படி இல்லை. டிஃபரென்ஷியல் ஹவுசிங், அதாவது அதன் இரும்புக் கூடு, நேராகச் சேஸிஸில் பூட்டப்பட்டிருக்கும். ஒரே ஒரு கமான் பட்டைதான், அதுவும் குறுக்காக, இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை. அதன் நடுப்பகுதி டிஃபரென்ஷியல் ஹவுசிங்கின் தலையிலேயே போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அதாவது வண்டியின் பின்பாதி எடை முழுவதும் ஹவுசிங் வழியாக, கமான் பட்டை வழியாக, சக்கரத்துக்குப் போகிறது. டிஃபரென்ஷியலைக் கழற்ற வேண்டுமென்றால் பின் சஸ்பென்ஷன் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். வேறு கம்பெனி டிஃபரென்ஷியலைக் கொண்டுவந்து சுலபமாக மாட்ட முடியாததற்கும் இதுதான் காரணம். ட்ரையம்ஃபுக்குச் சுபாரு டிஃபரென்ஷியல் போட்டவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஸ்பிட்ஃபயரில் அதைச் செய்ய கமான் பட்டை உட்காருவதற்கென்றே தனியாக ஒரு இரும்புச் சட்டம் செய்ய வேண்டும்.

இந்த அமைப்பு ஸ்பிட்ஃபயருக்கென்று பிறந்ததில்லை. 1959இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அதன் மேல்தான் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள், இரண்டுக்கும் உடல் வடிவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. அந்த ஹெரால்டை நம்மில் பலருக்கு வேறு பெயரில் தெரியும். 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. என் பெரியப்பா வைத்திருந்தார். ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டியைக் காட்ட அப்பாவுக்கு வீடியோ கால் செய்தபோது அவர் முதலில் பார்த்தது பெயிண்டையோ துருவையோ இல்லை.

"டேய், பின் சக்கரம் ரெண்டும் காலை உள்ள மடக்கிட்டு நிக்குதே. உங்க பெரியப்பா ஹெரால்டு மாதிரியே இருக்கு."

"அதே சாதிதான்ப்பா. இது அதோட தம்பி."

"அப்போ வளைவுல காலை எடுத்துடாதடா. பின்னாடி தூக்கிடும்."

இரண்டே வரியில் இந்தச் சஸ்பென்ஷனின் முழுக் குறையையும் சொல்லிவிட்டார். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கும், பிடிமானம் போய்விடும். 1970இல் மார்க் 4 வந்தபோது இதற்கு ஒரு அழகான தீர்வு கண்டுபிடித்தார்கள். எல்லாப் பட்டைகளையும் ஹவுசிங்கோடு இறுக்கிக் கட்டாமல் அடிப்பட்டையை மட்டும் பிடித்து, மற்றவற்றை நடுவில் ஒரு அச்சில் தராசு போல ஆட விட்டார்கள். வண்டி சாயும்போது பட்டை முரண்டு பிடிக்காது, சக்கரம் மடங்குவது பெரிதும் குறைந்துவிட்டது. சென்னையில் வேறு வழியில் போனார்கள். 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் இந்தத் தனிச் சஸ்பென்ஷனையே எடுத்துவிட்டு, நம்மூர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான முழு ஆக்சிலைப் போட்டார்கள். அடியில் படுத்து இந்த வேலையைச் செய்து முடித்த பிறகு அந்த முடிவை எடுத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

சரி, எந்த டிஃபரென்ஷியல்? மார்க் 4இல் விகிதம் 3.89. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.89 சுற்றுச் சுற்றும். அடுத்து 1974இன் இறுதியில் வந்த ஸ்பிட்ஃபயர் 1500இல் அது 3.63. அண்ணன் முறையான ஆறு சிலிண்டர் ஜிடி6இல் 3.27 கிடைக்கும், ஆனால் என் சின்ன எஞ்சினுக்கு அது ரொம்ப நீளம், இழுவை போதாது, நாலாவது கியரில் ஒரு மேம்பாலம் ஏறவே திணறும். என் வண்டியில் ஓவர்டிரைவ் இல்லை, அதாவது வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் இல்லை. அதனால் மோட்டார்வேயில் 70 மைல் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,150 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. 3.63 போட்டால் அது 3,870 அளவுக்கு இறங்கும். ஏழு சதவீதம். காகிதத்தில் சின்ன எண்தான், ஆனால் கோவென்ட்ரியிலிருந்து லண்டன் வரை ஓட்டிப் பார்த்தால் தெரியும். ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் இதைவிடப் பல மடங்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பணம் இருந்தால் அதைச் செய்யுங்கள். என்னுடைய டிஃபரென்ஷியல் எப்படியும் சாகக் கிடந்தது, மாற்றுவதென்று ஆன பிறகு அதே 3.89ஐ ஏன் போட வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

உடைத்து விற்ற ஒரு 1500இலிருந்து 120 பவுண்டுக்கு ஒன்று கிடைத்தது. விற்றவர் 3.63 என்றார். அவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, இரண்டு நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஒரு பக்க வெளி ஃபிளாஞ்சை, அதாவது ஷாஃப்ட் மாட்டும் வட்டத் தகட்டை, அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். உள்ளே கிரவுன் வீல் சரியாக ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். அந்த நேரத்தில் முன்பக்க ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று சுற்றியது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினால் அதுதான் விகிதம். மூன்றரைச் சுற்றைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. நாலுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பற்களில் குழி இல்லை, எண்ணெயில் மினுமினுப்பு இல்லை, விரலால் அசைத்தால் பல்லுக்குப் பல் லேசான இடைவெளி மட்டும். நல்ல சரக்கு.

அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. இரண்டு நாள் வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். முடிந்தது மார்ச்சில்.

சக்கரங்களைக் கழற்றி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஷாக் அப்சார்பர் என்று வரிசையாகப் பிரித்தேன். ஷாக் அப்சார்பரைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. சக்கரம் கீழே தொங்கும் நிலையிலும் கமான் பட்டை இழுவிசையில்தான் இருக்கும், அதைப் பிடித்து வைத்திருப்பதே ஷாக் அப்சார்பர்தான். சக்கரத்தின் பக்கம் ஒரு ஜாக்கி வைத்துத் தாங்கிக்கொண்டு போல்ட்டை எடுத்து, மெதுவாக இறக்க வேண்டும். தலையைத் தூர வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதைத் திறந்தால் கமான் பட்டையைப் பிடித்திருக்கும் நட்டுகள் தெரியும். அவை எண்ணெய்க் கசிவில் ஐம்பது வருடம் ஊறியிருந்ததால் சுகமாகக் கழன்றன. எண்ணெய் கசிந்த இடம் எல்லாம் பத்திரமாக இருந்தது, கசியாத இடம் எல்லாம் துரு. அந்த ஒழுகலை அதற்கு முன்னால் எத்தனை முறை சபித்திருப்பேன், அன்று அதற்கு நன்றி சொன்னேன்.

பிறகு ரேடியஸ் ஆர்ம். இது பின் சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளும் கம்பி. ஒரு முனை சக்கரத்தோடு, மறுமுனை சேஸிஸில் இல்லை, உடலில், சீட்டுக்குப் பின்னால் தரை மேல்நோக்கி மடங்கும் இடத்தில் ஒரு பிராக்கெட்டில் இருக்கும். வலது பக்கப் பிராக்கெட்டின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன், போல்ட் சுற்றியது, நட்டும் கூடவே சுற்றியது, நட்டைப் பிடித்திருந்த தகடும் கூடவே சுற்றியது. இழுத்ததும் உள்ளங்கை அகலத்துக்குத் தரை கையோடு வந்துவிட்டது. நடுவில் கருகிய அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. அந்த இடத்தில்தான் என் பின் சக்கரம் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கோடையில் அதே வண்டியில் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு வேல்ஸ் வரை போய் வந்திருக்கிறேன். கையில் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு காராஜ் தரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

இங்கிலாந்தில் 40 வருடத்தைத் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. நானும் மூன்று வருடமாகக் கொண்டுபோகவில்லை. இப்போது ஒவ்வொரு வருடமும் நானாகவே கொண்டுபோகிறேன். ஒரு நல்ல சோதகர் அந்த மூலையை ஸ்க்ரூடிரைவரால் குத்தியிருப்பார், குத்தியிருந்தால் அது உள்ளே போயிருக்கும். சலுகை இருக்கிறது என்பதற்காகப் பழைய வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகாமல் இருப்பவர்கள் தயவுசெய்து இதை ஒரு முறை யோசியுங்கள்.

அன்றிலிருந்து வேலையின் வரிசை மாறிவிட்டது. நான் போட்ட திட்டம் டிஃபரென்ஷியல், எண்ணெய், ஓட்டிப் பார்ப்பது. துரு போட்ட திட்டம் வேறு. முதலில் டிஃபரென்ஷியலைப் பிடிக்கும் சேஸிஸ், பிறகு சக்கரத்தைப் பிடிக்கும் தரை, பிறகு சில், அதற்குப் பிறகுதான் புது விகிதம். ஸ்பிட்ஃபயரில் சில் என்பது கதவுக்குக் கீழே ஓடும் அழகுப் பட்டை கிடையாது. மேற்கூரை இல்லாத இந்த உடல் நடுவில் மடங்காமல் நிற்பதே சில்லால்தான். நல்ல வேளையாக அது தாங்கும் நிலையில் இருந்தது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் பழைய டிஃபரென்ஷியல் வெளியே வர வேண்டுமே. முன்பக்கம் இரண்டு இடத்தில் ரப்பர் புஷ்ஷோடு பிடித்திருக்கும், அவை ஒரு மாலைப் பொழுதில் வந்துவிட்டன. பின்பக்கம் ஒரே ஒரு நீளமான போல்ட், சேஸிஸின் இந்தப் பக்கப் பிராக்கெட்டில் நுழைந்து, ஹவுசிங்கின் காதுகளில் இருக்கும் புஷ்களைத் துளைத்து அந்தப் பக்கம் போகும். அந்த போல்ட்டும் புஷ்ஷின் உள்குழாயும் துருவில் ஒன்றாகிப் போயிருந்தன. நட்டு வந்தது, போல்ட் வரவில்லை. துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க விட்டேன். மறுநாள் மறுபடி ஊற்றினேன். தலையில் நீளமான குழாய் மாட்டித் திருப்பினால் போல்ட் திரும்புவது போல இருக்கும், உண்மையில் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பும், விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். சூடு காட்டினால் விடும் என்று தெரியும். ஆனால் ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் டேங்க் டிக்கியின் முன்பக்கம், சீட்டுக்குப் பின்னாலேயே செங்குத்தாக நிற்கிறது, கிட்டத்தட்ட டிஃபரென்ஷியலுக்கு மேலேயே. அந்த இடத்தில் நெருப்பைக் காட்டுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இளம் வயதில் கான்லியில் வேலை பார்த்தவர். மூன்றாம் நாள் மாலை எட்டிப் பார்த்துவிட்டு, அந்த போல்ட்டோடு சண்டை போடாதே, அறுத்துவிடு என்றார். தொழிற்சாலையில் அதை மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது, கழற்றுவதைப் பற்றி அன்று யாருமே யோசிக்கவில்லை என்றும் சொன்னார். பிராக்கெட்டுக்கும் ஹவுசிங் காதுக்கும் நடுவில் ஒரு பிளேடு நுழையும் இடம்தான் இருக்கிறது. ஹாக்சா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மல்லாக்கப் படுத்து, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். கண்ணாடி போட்டிருந்தும் கண்ணுக்குள் துருத்தூள். இரண்டாவது பக்கமும் அறுந்ததும் டிஃபரென்ஷியல் ஜாக்கியின் மேல் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தது. ஒற்றை ஆளாக அதைக் கையில் இறக்கலாம் என்று நினைக்க வேண்டாம், மார்பின் மேல் வந்தால் விலா எலும்பு தாங்காது.

வெறும் சேஸிஸ் கண்ணுக்குத் தெரிந்ததும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கூரான ஸ்க்ரூடிரைவரால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்கும், கெட்டது மண்சட்டி மாதிரி மொத்தையாகச் சத்தம் போடும். டிஃபரென்ஷியலின் முன் பிடிப்பு இருக்கும் குறுக்குப் பகுதிக்கு மேலே, சேறு தேங்கும் ஒரு பள்ளத்தில், இடது பக்கம் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனது. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புப் பெயிண்டு பளபளவென்று இருந்த இடம் அது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ துருவின் மேலேயே பெயிண்டைப் பூசியிருக்கிறார்.

வெல்டிங்கை நான் செய்யவில்லை. தரைத் தகட்டில் கை பழகலாம், ஆனால் சஸ்பென்ஷன் தொங்கும் இடத்தில் பழகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டேங்கைக் கழற்றி வெளியே வைத்து, பெட்ரோல் குழாயின் முனைகளை அடைத்து, அழுகிய பகுதிகளை நல்ல இரும்பு வரும் வரை நானே வெட்டினேன். வெட்டும்போது மனசு கேட்காமல் ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைக்கத் தோன்றும். விடக் கூடாது, மெல்லிய இரும்பில் வெல்டிங் நிற்காது, ஓட்டைதான் பெரிதாகும். வீட்டுக்கே வந்து செய்யும் வெல்டர் ஒருவர் இரண்டு நாள் வந்து சேஸிஸுக்கு 2 மில்லிமீட்டர் தகடும் தரைக்கு 1.2 மில்லிமீட்டர் தகடும் போட்டுக் கொடுத்தார். பிராக்கெட் உட்காரும் இடத்தில் உள்பக்கம் ஒரு பட்டையைக் கூடுதலாக வைத்து இழுவிசையைப் பரப்பினார். அந்தப் பட்டை அவருடைய யோசனை. பிறகு துத்தநாக ப்ரைமர், இரண்டு கோட் பெயிண்டு, பெட்டிப் பகுதிகளுக்கு உள்ளே மெழுகு. மெழுகு அடிப்பதைக் கடைசியில் செய்யுங்கள், முதலில் அடித்துவிட்டு வெல்டிங் செய்தால் தீப்பிடிக்கும்.

இதற்கு நடுவில் வாங்கி வந்த டிஃபரென்ஷியலுக்கு ஆயில் சீல் மாற்றினேன். இரண்டு பக்கமும் குட்டை ஷாஃப்ட் பேரிங்கோடு வெளியே வரும், ஆனால் சீல் பேரிங்குக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும், பிரஸ் வைத்துப் பேரிங்கை எடுத்தால்தான் சீலை மாற்ற முடியும். ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொண்டேன். முன்பக்கப் பினியன் சீல் காய்ந்து சுத்தமாக இருந்தது, அதைத் தொடவில்லை. அந்த நட்டைக் கழற்றினால் பினியன் பேரிங்கின் இறுக்கம் மாறிவிடும், அதைத் திரும்ப அதே அளவுக்குக் கொண்டுவருவது அனுபவசாலிகள் வேலை. ஒழுகாத சீலை ஒழுங்குக்காக மாற்றப் போய்ப் பினியனைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

தூக்கி மாட்டும் நாளில்தான் தெரிந்தது, புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் ஃபிளாஞ்ச் இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை. 1500இலிருந்து வந்தது பெரியது, போல்ட்டும் தடிமன், துளைகள் என் ஷாஃப்ட்டோடு பொருந்தவில்லை. இதை வாங்கும்போதே அளந்திருக்க வேண்டும். விகிதத்தை எண்ணினேன், பல்லைப் பார்த்தேன், ஃபிளாஞ்சின் மேல் ஸ்கேலை வைக்கவில்லை. பழைய டிஃபரென்ஷியலின் ஃபிளாஞ்சை இதில் மாற்றலாம், ஆனால் அதற்கு மேலே சொன்ன அதே பினியன் நட்டைக் கழற்ற வேண்டும். அதனால் டிஃபரென்ஷியலை விட்டுவிட்டுப் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை அந்தத் தொழில் செய்யும் கடைக்குக் கொண்டுபோனேன். பின்முனையில் பெரிய ஃபிளாஞ்சும் இரண்டு புது யு-ஜாயின்ட்டும் போட்டுச் சுழற்றிச் சமன் பார்த்துக் கொடுத்தார்கள். டிஃபரென்ஷியலுக்குக் கொடுத்த காசை விட இதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆனது. நல்லதுதான், அந்த 'டொக்'கில் பாதி அந்தப் பழைய யு-ஜாயின்ட்களின் சத்தம் என்று கையில் ஆட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

மாட்டுவது சேஸிஸ் சரியாக இருந்தால் பெரிய வேலை இல்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டுக்குப் பின்னால் மெல்லிய தகடுகள் சொருகியிருப்பார்கள், பின் சக்கரம் நேராகப் பார்க்கிறதா என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று கழற்றும்போதே எழுதி வையுங்கள். புதுத் தரை போட்ட பக்கத்தில் அந்தக் கணக்கும் மாறும், கடைசியில் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். இரண்டாவது, ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. சக்கரத்தை மாட்டி, தரையில் இறக்கி, சீட்டில் எடை வைத்த பிறகு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பின்பக்க நீள போல்ட்டுக்குப் புதியது, புதுப் புஷ், செம்பு கிரீஸ் தாராளமாக. அடுத்து யாராவது இதைக் கழற்ற வந்தால் அவர் அறுக்க வேண்டியிருக்காது. இபி 90 கியர் எண்ணெய் அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். அதை ஊற்ற ஐந்து நிமிடம், பிரேக்கில் காற்றை எடுக்க ஒரு மாலை.

முதல் ஓட்டத்துக்கு அதிகாலையில் கிளம்பினேன். ஏ46இல் கெனில்வொர்த் பக்கம். முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் நிதானமாக விட வேண்டியிருந்தது, ஏற்றத்தில் நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு முன்பைவிடச் சீக்கிரமே இறங்க வேண்டியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான், இழுவையைக் கொடுத்துத்தானே நீளத்தை வாங்கினோம். 45 வந்தது. 50 வந்தது. பின்னால் ஊளை இல்லை. காலை எடுத்தேன், இல்லை. மறுபடி மிதித்தேன், இல்லை. துணிக் கூரை காற்றில் படபடக்கும் சத்தத்தை இந்த வண்டியில் அன்றுதான் முதல்முறையாகத் தனியாகக் கேட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. மீட்டரில் 60 வைத்துக்கொண்டு போகிறேன், மற்ற வண்டிகள் என்னைத் தாண்டவே இல்லை. ஓரம் கட்டி போனில் ஜிபிஎஸ் போட்டுப் பார்த்தால் மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 64. காரணம் எளிமையானது, ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது, டிஃபரென்ஷியலுக்கு முன்னால். விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. மீட்டரில் 70 என்று நம்பிப் போனால் 75இல் போய்க்கொண்டிருப்பீர்கள், கேமராவுக்கு உங்கள் டிஃபரென்ஷியல் கதை தெரியாது. டிஃபரென்ஷியல் மாற்றுகிறவர்கள் மீட்டருக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள், மீட்டரைப் பிரித்து அளவு திருத்திக் கொடுக்கும் கடைகள் உண்டு. என்னுடையது இப்போது அப்படி ஒரு கடையில் இருக்கிறது. டேஷ்போர்டில் அது இருந்த இடத்தில் ஒரு வட்ட ஓட்டை, அதன் வழியாகத் தெரியும் ஃபயர்வாலின், அதாவது எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகட்டின், மூலையில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒரு கறை. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஸ்க்ரூடிரைவரை எடுத்து வர உள்ளே போகிறேன்.